ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர் நீள நோன்பு

சூரியனை ஏமாற்றுவது என்று நான் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். மனைவியை ஏமாற்றுவதும் அதே திட்டத்தில் அடக்கம். இரண்டில் சூரியன் சுலபம். தினமும் ஒரே பாதையில், ஒரே திசையில் போகிற வண்டி அது. மனைவி அப்படி இல்லை.

என் பெயர் லல்லோ. ஊரில் மரியாதைக்கு டாயெங் சேர்த்து டாயெங் லல்லோ என்பார்கள். என் மனைவி அந்த மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டாள். இந்தோனேசியாவில், மகாசர் நகரத்துக்கும் பாரேபாரேவுக்கும் நடுவில் முப்பத்தோரு வருஷம் பயணிகள் வேன் ஓட்டினவன் நான். நூற்று ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். வழியில் யாராவது வாத்துக் கூடையோடு ஏறினால் நாலு. தூரமும் நேரமும் எனக்கு எவனும் சொல்லித் தரத் தேவையில்லை என்று எனக்கொரு கர்வம் உண்டு.

“கர்வம் வேணாம் டாயெங். அல்லாஹ்வுக்குப் பிடிக்காது” என்பாள் ஜும்ரியா.

ஜும்ரியாதான் என் மனைவி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. தொழுகை, தஸ்பீஹ் மணிமாலை, அடுப்பு, பிள்ளைகள், இவைதான் அவள் உலகம். குரலை உயர்த்தி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அதுதான் ஆபத்து. சத்தம் போடுகிற வண்டி எங்கே வருகிறது என்று தெரியும். சத்தமில்லாத வண்டிதான் பின்னால் வந்து இடிக்கும்.

அந்த வருஷம் மகனும் மகளும் சேர்ந்து எங்கள் இருவரையும் ரமலான் மாதத்தில் உம்ரா புனிதப் பயணத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பயணக் குழுவில் மொத்தம் நாற்பத்தைந்து பேர். முதலில் மதீனா, பிறகு மக்கா. குழுக்காரர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். மகாசரிலிருந்து ஜித்தா, ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர். விமானத்தில் பதினொரு மணி நேரம். புறப்பாடு இரவு.

பாரேபாரே சாலையை அறுபது தடவை நீளத்தில் ஒட்டிப் போட்டால் ஜித்தா வந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வாசலில் ஒரு கிராம்புச் சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனேன். அன்று நோன்பு என்பது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பக்கத்து வீட்டில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பாசோவை வேலிப் பக்கம் கூப்பிட்டேன்.

“பாசோ, நாம தொழற திசை, கிப்லா, எந்தப் பக்கம்?”

“மேற்குப் பக்கம். ஏன் டாயெங், அறுபத்து மூணு வயசுல மறந்துட்டீங்களா?”

“சூரியன் மறையறது?”

“அதுவும் மேற்குதான்.”

“அப்போ பொழுது சாயற இடம் எங்க இருக்கு?”

பாசோ கையிலிருந்த திருப்புளியால் தலையைச் சொறிந்தான். “மக்கா பக்கம் இருக்கு.”

“அதான் விஷயம். நாம தினமும் இங்க உக்காந்து, பொழுது எப்போ சாயும், எப்போ நோன்பு திறக்கலாம்னு காத்துக் கிடக்கோம். பொழுது சாயற இடத்துக்கே ஒருத்தன் பறந்து போனா?”

பாசோவின் வாய் திறந்தது. “சீக்கிரம் சாஞ்சிடும்!”

“வேன் வரட்டும்னு நிழல்ல நிக்கிறவன் ஒரு மணி நேரம் நிப்பான். எதிரே நடந்து வர்றவன்?”

“முன்னாடியே ஏறிடுவான். அட, அட! டாயெங், இது எந்த உஸ்தாதும் சொல்லலையே!”

“அவங்க யாரும் வேன் ஓட்டலையே!”

கணக்கு இதுதான். பயணிகளுக்கு நோன்பில் சலுகை உண்டு. விட்டுவிடலாம். ஆனால் விட்ட நோன்பைப் பின்னால் ஒரு நாள் பிடித்தே ஆக வேண்டும். எங்கள் ஊரில் அது முழுசாகப் பதின்மூன்றரை மணி நேரம். குழுவில் இருக்கிற புத்தியில்லாதவர்கள் எல்லாம் சலுகையை எடுத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கு வந்து பதின்மூன்றரை மணி நேரம் காயட்டும். நான் மட்டும் காலை விமானத்தில் ஏறி, எதிரே போய் அந்திப் பொழுதைப் பாதி வழியில் பிடித்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் நோன்பைத் திறந்து, நிம்மதியாக இருப்பேன். ஒன்பது மணி நேரத்தில் ஒரு முழு நோன்பு!

மறுநாளே பயண அலுவலகத்துக்குப் போய், இரவு விமானத்திலிருந்து காலை விமானத்துக்கு எங்கள் இருவரையும் மாற்றச் சொன்னேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ரமலான்ல எல்லாரும் ராத்திரி விமானம் கேட்டு வருவாங்க. நீங்க காலையில வேணுங்கறீங்களா?”

“ஆமாம்மா.”

“நிச்சயமா?”

“நான் முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினவன்.”

அந்தப் பெண் சீட்டை மாற்றிக் கொடுத்தாள். காலைக் குழுவிலும் நாற்பத்தைந்து பேர்தான். அவர்களுக்கு ஒரு பயண வகுப்பு நடந்தது. குழுத் தலைவரான மார்க்க ஆசிரியர் உஸ்தாத் தஹீர், பயணத்தில் நோன்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். அது நோன்பு திறந்த பிறகு நடந்த வகுப்பு. நான் வெளியே வாகை மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி சிகரெட் விஷயம். அதைச் சொல்லாமல் கதை நகராது.

என் நெஞ்சில் ஒரு பூனை குடியிருக்கிறது. மூச்சு விடும்போது கர் கர் என்று சத்தம். சுகாதார நிலையத்து டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இதை விட்டா இன்னும் நிறைய வருஷம் இருப்பீங்க. விடலைன்னா எனக்குத் தெரியாது” என்றாள். அன்றிலிருந்து தொழுகைக்குப் பிறகு ஜும்ரியா கையேந்தும் நேரம் இரண்டு மடங்கு ஆனது. என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாக ஒரே மனு.

என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. “ஜும்ரியா, ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எல்லை இருக்கு. என் எல்லை பதின்மூன்றரை மணி நேரம். நோன்பு அன்னிக்குத் தூங்கித் தூங்கி எப்படியோ ஓட்டிடறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் புகை இல்லைன்னாலும் என் தலை வெடிச்சிடும்.”

அன்று மாலை நோன்பு திறக்க அவள் பச்சை நிற மாவு போர்த்திய வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பால் கூழில் போட்டு, சிவப்புப் பாகும் ஐஸும் சேர்த்து நீட்டினாள். நான் முதல் கரண்டிக்கு முன்னால் அறிவித்தேன்.

“விமானத்துல போற அன்னிக்கு நான் நோன்பு பிடிக்கப் போறேன்.”

“பயணத்துக்குச் சலுகை இருக்கே டாயெங்.”

“சலுகை பலவீனமானவங்களுக்கு. அல்லாஹ்வோட வீட்டுக்குப் போறப்போ வயித்தை நிரப்பிக்கிட்டா போறது?”

வேலிக்கு அந்தப் பக்கம் பாசோவின் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்த வேலியில் எத்தனை ஓட்டை என்று நான் அன்றைக்கே எண்ணியிருக்க வேண்டும்.

“நாள் பூராவும் புகை இல்லாம இருந்துடுவீங்களா?”

“இருப்பேன். என்ன பந்தயம்?”

“பந்தயம் பாவம். பேச்சு வேணா பேசிக்கலாம்.”

“சரி, பேச்சு. நான் நோன்பை முழுசா முடிச்சிட்டா, சிகரெட்டைப் பத்தி நீ இந்த ஜென்மத்துல ஒரு வார்த்தை பேசக் கூடாது. முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.”

“நடுவுல விட்டுட்டீங்கன்னா?”

“விட்டுட்டா, சிகரெட்டைத் தொடவே மாட்டேன். பெட்டியைக் கடல்ல வீசிடறேன்.”

“நோன்பு முடிஞ்ச பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“இன்ஷா அல்லாஹ்” என்றாள். தஸ்பீஹ் மணி ஒன்று நகர்ந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழைப்பழம் புரையேறியது.

பயண நாள். நாலே முக்காலுக்குள், விடியலுக்கு முந்தைய சஹர் உணவு முடிந்தது. கடைசி நிமிஷம்வரை சோறு, கடைசி நொடிவரை சிகரெட். பாங்கு சொன்னதும் நிறுத்தினேன். விமான நிலையத்தில் என் நோன்பைப் பற்றி நானே நாலு பேரிடம் சொன்னேன். கேட்ட மூன்று ஆண்களுக்கு ரோசம் வந்து அவர்களும் நோன்பு என்றார்கள். உஸ்தாத் தஹீர் என் தோளைத் தட்டினார்.

“மாஷா அல்லாஹ் டாயெங்! இந்த வயசுல, இந்தப் பயணத்துல! நெஞ்சுரம் வேணும்.”

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புகழ்ச்சி காதை அடைத்துவிட்டது.

ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பியது. ஜன்னலோரம் நான். நடுவில் ஜும்ரியா. எதிரே சின்னத் திரையில் ஒரு பொம்மை விமானம், இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று காட்டியது. அருமையான ஏற்பாடு. என் வேனில் இது இருந்திருந்தால் “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்டே என் உயிரை எடுத்தவர்கள் வாயை அடைத்திருக்கலாம். நான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினேன்.

விழித்தபோது என் கைக்கடிகாரத்தில் மணி இரண்டு. அந்திப் பொழுதைச் சந்திக்க ஆசையோடு ஜன்னல் மூடியைத் தூக்கினேன்.

கண் கூசியது. சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தது போலும், இறக்கையில் வெளிச்சம் தகதகவென்று கொட்டிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். பொம்மை விமானம் இலங்கைக்குப் பக்கத்தில் கடல்மேல் நின்றது. பாதி வழி.

“என்ன டாயெங் தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம்.”

“மத்தியானம் இல்லையா. அப்படித்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஜலங்கோட்டே! எண்ணெயில் பொரித்த அரை நிலா வடிவப் பணியாரம், உள்ளே உருளைக்கிழங்கு, முட்டை, முளைப்பயறு. கூடவே ஒரு புட்டியில் மிளகாய்ப் புளிப்புத் தண்ணீர். விமானம் முழுவதும் மணத்தது.

“நீ நோன்பு இல்லையா?” என்றேன்.

“நான் பலவீனமானவ டாயெங். அல்லாஹ் தந்த சலுகையை வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.” பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கடி கடித்தாள். மொறுக் என்றது. “உங்களுக்கும் சலுகை இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோங்களேன்?”

“எனக்கு வேணாம்!”

“கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வயசாயிடுச்சு, பாவம்னுதான் நினைப்பாங்க.”

வயசாயிடுச்சா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “சாகற வரைக்கும் விட மாட்டேன்.”

“உங்க இஷ்டம்” என்றாள். மொறுக்.

மூன்று மணி. சூரியன் அங்கேயே. நாலு மணி. ஒரு முழம் நகர்ந்திருந்தால் அதிகம். என் வேனில் முதல் கியரில் ஏற்றம் ஏறுகிற மாதிரி சூரியன் நொண்டி நொண்டி வந்தது. எனக்குத் தலை வலித்தது. விரல்கள் தானாகவே சட்டைப் பையைத் தடவின. முன் இருக்கைக் குழந்தை ஊதின பலூன்கூட எனக்குப் புகையாகத் தெரிந்தது.

கடைசியில் கடிகாரத்தில் ஆறு பத்து ஆனது. நான் துள்ளி எழுந்தேன். மகாசரில் மஃரிப், அந்தித் தொழுகை நேரம்! இந்த நிமிஷம் பாசோ வீட்டில் நோன்பு திறப்பார்கள். பேரீச்சம்பழத்தை உதடுவரை கொண்டுபோனேன்.

“டாயெங், வெளிய பாருங்க.”

பார்த்தேன். மொட்டை வெயில்.

“அது கிடக்கட்டும்! என் கடிகாரத்துல மஃரிப் ஆயிடுச்சு. நான் மகாசர் ஆளு, மகாசர் நேரத்துக்குத்தான் நோன்பு வச்சேன், மகாசர் நேரத்துக்குத்தான் திறப்பேன்.”

“மகாசர்ல இருக்கிறவங்களுக்குத்தானே மகாசர் மஃரிப்? உஸ்தாதைக் கேளுங்க.”

உஸ்தாத் தஹீர் இரண்டு வரிசை முன்னால் இருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “கடிகாரம் நோன்பு வைக்கலையே டாயெங், நீங்கதானே வச்சீங்க! நீங்க எங்க இருக்கீங்களோ அங்க சூரியன் மறையணும். வகுப்புல இதைத்தானே ஒரு மணி நேரம் சொன்னேன்? மேற்கே போனா பகல் நீளும். நீங்க ஓட ஓட, பொழுது சாயறது உங்க பின்னாலதான் துரத்திக்கிட்டு வரும். முடியலைன்னா விட்டுடுங்க. சலுகை இருக்கு.”

பின்னாலா? நான் இடிந்துபோனேன். அந்தி மேற்கே குடியிருக்கிறது என்று நான் நினைத்தேன். அது கிழக்கிலிருந்து என்னைப் பிடிக்க வந்துகொண்டிருக்கிறது. நானோ மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் அதனிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறேன்!

ரோசப்பட்ட மூன்று பேரும் உஸ்தாத் வாக்கியத்தை முடிப்பதற்குள் தட்டைத் திறந்துவிட்டார்கள். மூன்று பேர் கோழிக்கறியை மெல்லும் சத்தம் கேட்டது.

“ஜித்தாவுல எப்போ மறையும்?” என்று மெல்லக் கேட்டேன்.

“நம்ம நேரப்படி ராத்திரி பதினொன்றரை” என்றாள் ஜும்ரியா, தஸ்பீஹை உருட்டிக்கொண்டே.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என் தங்கச்சி ஜித்தாவுல பன்னெண்டு வருஷமா சமையல் வேலை பார்க்கிறா இல்ல? ஒவ்வொரு ரமலானும் நோன்பு திறந்ததும் அவளுக்குப் போன் பண்ணுவேன். ‘இரு அக்கா, இப்பதான் மத்தியானத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யறேன்’ம்பா. பன்னெண்டு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்துதானே பேசறேன்?”

“ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“பாசோகிட்ட நீங்க போட்ட கணக்கு வேலி வழியா எனக்கும் வந்துச்சு. ஆனா தூரமும் நேரமும் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்னு சொல்லுவீங்களே டாயெங்.” டப்பாவை மறுபடி நீட்டினாள். “ஒண்ணே ஒண்ணு? விட்டுடுங்க. முடியாதது முடியாதுதான்.”

முடியாதா? எனக்கா? பேரீச்சம்பழத்தைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் திணித்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு சூரியனை முறைத்தேன். யார் முதலில் கண்ணை மூடுகிறார்கள், பார்த்துவிடுவோம்.

ஜித்தாவில் இறங்கியபோது என் கடிகாரத்தில் இரவு எட்டு. வெளியே மாலை மூன்று மணி வெயில், தார் உருகும் சூடு. பெட்டிக்காக ஒரு மணி நேரம். கைரேகைக்காக ஒரு மணி நேரம். விமான நிலைய வாசலில் ஒரு ஆள் சிகரெட்டை ஆழமாக இழுத்து என் முகத்துக்கு நேராக விட்டான். நான் அந்தப் புகையைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தேன்.

மதீனா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். வடக்கு நோக்கிய சாலை. இடது கன்னத்தில் வெயில். பதினேழு மணி நேரம் தாண்டியிருந்தது. என் எல்லையைக் கடந்து மூன்றரை மணி நேரம். தலை வெடிக்கவில்லை. வலிகூட எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. காலி டப்பா மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

“டாயெங், ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றாள் ஜும்ரியா.

“என்ன?”

“விமானத்துல இருந்து இறங்கினதுல இருந்து நீங்க ஒரு தடவை கூட இருமல.”

மூச்சை இழுத்துப் பார்த்தேன். பூனை தூங்கியிருந்தது. ஆனால் அதை அவளிடம் ஒப்புக்கொள்வேனா? “காத்து மாறினதால இருக்கும்” என்றேன். இன்னும் ஒரு மணி நேரம். நோன்பு முடிந்ததும், அவள் கண் எதிரிலேயே, பஸ் நின்ற இடத்தில் ஒன்று பற்ற வைப்பேன். வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச முடியாது. பத்தொன்பது மணி நேரப் பாடுக்கு அது நல்ல கூலி.

ஜும்ரியா எழுந்து போய் உஸ்தாதின் மனைவி காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா உஸ்தாதின் காதில் சொன்னாள். உஸ்தாத் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“சகோதரர்களே, சகோதரிகளே! நோன்பு திறக்கிற நேரத்துல நோன்பாளி கேக்கிற துஆ திருப்பி அனுப்பப்படாதுன்னு நமக்குத் தெரியும். இந்த பஸ்ல நாம நாற்பத்தைந்து பேர். நாற்பத்து நாலு பேர் சலுகை எடுத்துக்கிட்டோம். நோன்பாளி ஒரே ஒருத்தர். அதுவும் எப்படிப்பட்ட நோன்பு! மகாசர்ல ஆரம்பிச்சு மதீனா சாலையில முடியற நோன்பு! டாயெங் லல்லோ, எங்க எல்லாருக்காகவும் நீங்கதான் கையேந்தணும்.”

பஸ் முழுக்க ‘மாஷா அல்லாஹ்’ என்றது. ஊரில் மக்காவுக்குப் போகிறவர் கையில் தெருவே தன் வேண்டுதல்களைச் சீட்டில் எழுதித் திணிக்கும். இங்கே அது பஸ்ஸுக்குள் நடந்தது. பெட்டிச் சீட்டின் பின்புறம், விமானத்துக் காகிதக் கைக்குட்டை, மருந்துச் சீட்டு, எது கிடைத்ததோ அதில் எழுதி என் மடியில் போட்டார்கள். ஜும்ரியாதான் வரிசையாக நடந்து வசூலித்துக் கொடுத்தாள்.

முப்பத்தோரு வருஷம் பயணிகளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தவன் நான். முதல் தடவையாக ஒரு வண்டியில் எல்லோரையும் பார்த்து நின்றேன். கையில் ஒலிபெருக்கி. பஸ்ஸின் இடது பக்கம் சூரியன் ஆரஞ்சுப் பழமாக மணலில் இறங்கத் தயாரானது. பஸ் ஓரமாக நின்றது. அரபி டிரைவரும் எஞ்சினை அணைத்துவிட்டு, தான் சலுகை இல்லாத உள்ளூர் நோன்பாளி என்பதை யாரும் கேட்காததால் சொல்லாமல், கையேந்தினார்.

“யா அல்லாஹ், சித்தி ஹவாவோட முழங்கால் வலியைப் போக்கு.”

“ஆமீன்!”

“யா அல்லாஹ், ஜைனலோட மகனுக்கு அரசாங்கப் பரீட்சையில இந்தத் தடவையாவது இடம் கொடு.”

“ஆமீன்!”

“யா அல்லாஹ், எங்க மருமக எங்களோட பேசணும்.” பெயர் இல்லை. நாலைந்து மாமியார்கள் சேர்ந்து ஆமீன் சொன்னார்கள்.

குரல் ஏறியது. மாமனார், மாடு, மாதவிலக்கு, மளிகைக் கடை, எல்லாவற்றுக்கும் கேட்டேன். ஒவ்வொரு ஆமீனுக்கும் என் நெஞ்சு விரிந்தது. சீட்டை எடுப்பதும் வாசிப்பதுமாக ஓட்டம் பிடித்துவிட்டது. சூரியன் விளிம்பைத் தொட்டது. ஒரே ஒரு சீட்டு பாக்கி.

“யா அல்லாஹ், இந்தச் சீட்டை வாசிக்கிறவர் இன்னிக்கு ஒரு நாள் புகையை விட்டதை…”

நாக்கு நின்றது. அந்த உருண்டை உருண்டை எழுத்து. ஐந்தாம் வகுப்பு எழுத்து. மளிகைச் சீட்டில் நாற்பது வருஷமாக நான் பார்க்கிற எழுத்து.

நிமிர்ந்தேன். நாற்பத்து நாலு பேர் கையேந்தி, கண்ணை மூடி, என் வாக்கியம் முடியக் காத்திருந்தார்கள். துஆவைப் பாதியில் நிறுத்துவதா? அதுவும் மதீனா சாலையில்? அதுவும் திருப்பி அனுப்பப்படாத நேரத்தில்? ஜும்ரியாவும் கண்ணை மூடித்தான் இருந்தாள். இமைக்குக் கீழே தண்ணீர் கோடிட்டிருந்தது.

சீட்டை மறுபடி கண்ணருகே பிடித்தேன்.

“…என்னிக்கும் விட்டதா ஆக்கு. அவர் மூச்சைச் சுத்தமாக்கு. இன்னும் ரொம்ப வருஷம் என் பக்கத்துல உக்காந்து, தனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.”

“ஆமீன்!” என்று பஸ் குலுங்கியது. ஒரு வார்த்தை புரியாத டிரைவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். எல்லோரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் சொல்லவில்லை அல்லவா?

“ஆமீன்” என்றேன்.

சூரியன் மறைந்தது.

பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் பழத்தில்தான் பேச்சு வந்தது.

“ஜும்ரியா, நீ வாக்கு கொடுத்தியே?”

“நோன்பு முடிஞ்ச பிறகு பேசக் கூடாதுன்னுதானே டாயெங் வாக்கு? அந்தச் சீட்டு வாசிக்கிறப்போ இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு.”

“வழியெல்லாம் விட்டுடுங்க, விட்டுடுங்கன்னு ஜலங்கோட்டேயை நீட்டினியே? அப்பவே நான் நோன்பை விட்டிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப. சிகரெட்டும் போயிருக்கும்.”

“எங்க போயிருக்கும்? என்கிட்ட நீங்க கொடுத்த வாக்கு இதோட பதினோரு தடவை. அதனாலதான் இந்தத் தடவை அல்லாஹ்கிட்ட, உங்க வாயாலயே, சாட்சி வச்சுக் கேக்க வச்சேன். அதுக்கு நீங்க நோன்போட இருக்கணுமே. விட்டுடுவீங்களோன்னு வழியெல்லாம் தஸ்பீஹை உருட்டிக்கிட்டே வந்தேன்.”

“அப்போ ஏன் விடச் சொன்ன?”

“சொன்னாத்தானே டாயெங் நீங்க விட மாட்டீங்க.”

பஸ் மறுபடி கிளம்பியது. பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. என் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள், பாவம், அவளுக்கும் அது நீளமான நாள்.

இது நடந்து இரண்டு ரமலான் ஆகிறது. டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பூனை வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறது என்றாள். பாசோ மட்டும் இன்னும் வேலிப் பக்கம் வந்து கேட்பான், “டாயெங், பேச்சுல கடைசியா யாருதான் ஜெயிச்சது?” என்று.

நான்தான் ஜெயித்தேன். ஜும்ரியா சொன்ன சொல் தவறாதவள். அந்த மாலையிலிருந்து இந்த நிமிஷம்வரை சிகரெட்டைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை; பேசுவதற்கு வீட்டில் ஒரு சிகரெட்டும் இல்லை.